ஏட்டில் ஏறிய எங்கள் வயல்வெளி

காவிரி பாயும் சோழ வளநாட்டில் பிறந்த நமக்கு வயலும் வரப்பும் வாய்க்காலும் புதியவை அல்ல. ஆயினும் வரப்பில் மிதிபடும் செடிகளில் பத்தின் பெயரைச் சொல் என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கேட்டால், மூன்று நான்கோடு நின்றுவிடுகிறாள். அவளுடைய பாட்டியைக் கேட்டால் பத்தையும் சொல்லுவதோடு, பொடுதலை எதற்கு ஆகும், கீழாநெல்லி எதற்கு ஆகும் என்ற விவரத்தையும் கூடவே சொல்கிறார். பாட்டிக்குத் தெரிந்தது பேத்திக்கு ஏன் தெரியவில்லை? பாட்டி அதை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. பேத்தியின் பாடப்புத்தகத்திலோ அச்செடிகளுக்கு இடமில்லை. அப்படியானால் நம் மண்ணின் செடி கொடிகளையும் மீனையும் பறவையையும் யாராவது, எப்போதாவது, முறையாக எழுதி வைத்திருக்கிறார்களா? இக்கேள்வியோடு தேடத் தொடங்கிய நமக்குக் கிடைத்த விடை வியப்பளிப்பது. உலகத்துத் தாவர நூல்களிலும் விலங்கு நூல்களிலும் தஞ்சைத் தரணி இருநூற்றைம்பது ஆண்டுகளாக இடம் பெற்று வருகிறது. நாம்தான் அந்நூல்களைத் திறக்கவில்லை.

தரங்கம்பாடியை நாம் அனைவரும் அறிவோம். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1706இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கி, பின்பு அச்சுக்கூடம் நிறுவித் தமிழில் வேதாகமம் அச்சிட்ட ஊர். இவ்வளவும் சரித்திரப் பாடத்தில் வருகிறது. 1768இல் அதே கடற்கரையில் வந்திறங்கிய ஒரு வைத்தியரைப் பற்றி எந்தப் பாடத்திலும் நாம் படித்ததில்லை. அவர் பெயர் யோஹான் கெர்ஹார்டு கோனிக். 1728இல் பிறந்தவர், சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸின் மாணாக்கர். ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்களாலான பெயரிடும் முறையை உலகெங்கும் நிலைநாட்டியவர் அந்த லின்னேயஸ். கோனிக் மிஷன் வைத்தியராகத் தரங்கம்பாடிக்கு வந்தாலும், அவருடைய மனமெல்லாம் செடிகளில் இருந்தது. கடலோரத்திலும் வயலிலும் குளக்கரையிலும் பறித்த செடிகளைக் காகிதத்தில் அழுத்தி உலர்த்தி, கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பி வந்தார். அவர் அனுப்பிய கோரை வகைகளைக் கோபன்ஹேகனில் ராட்பால் என்ற பேராசிரியர் ஆராய்ந்து, 1773இல் படங்களோடு நூலாக வெளியிட்டார். நம் உழவர் களையென்று பிடுங்கி வரப்பில் எறியும் கோரை அந்நாட்டில் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டு அச்சேறியது!

கோனிக்கின் பெயர் நம் வீட்டுச் சமையலறையில் தினமும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? கறிவேப்பிலையின் அறிவியற் பெயரின் பின்பாதி 'கோனிகியை' என்பது. 1771இல் லின்னேயஸ் தம் மாணாக்கரின் நினைவாக இட்ட பெயர் அது. முன்பாதியைப் பின்வந்த அறிஞர்கள் 'முர்ரயா' என்று மாற்றியதும், இப்போது பலர் பழைய 'பெர்கெரா' என்பதற்கே திரும்பியிருப்பதும் தாவரவியலாரின் வழக்குகள். கோனிக் மட்டும் அசையவில்லை. அவர் பின்னாளில் ஆர்க்காட்டு நவாபிடமும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் பணியாற்றி, 1785இல் ஆந்திரக் கடற்கரையில் இறந்தார்.

அவருக்குப் பின்னும் பணி நிற்கவில்லை. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் ஐயர் அறுபது ஆண்டுகள் தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து 1836இல் சென்னை வேப்பேரியில் காலமானார். ஒரு கையில் செடி, மறு கையில் சொல் என்று வாழ்ந்தவர் இவர். இவர் தொகுத்த தமிழ் ஆங்கில அகராதி 1834இல் அச்சாகத் தொடங்கியது. மறைவுக்குப் பின் பிறரால் 1841இல் முடிக்கப்பட்டது. இவர் உலர்த்தி வைத்த செடிகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்ப் பக்கத்தில் பூத்த பூ அங்கே காகிதத்தில் ஒட்டியபடி இருக்கிறது. அகராதி என்றவுடன் சதுரகராதி தந்த நம் வீரமாமுனிவர் நினைவுக்கு வருவது இயல்பே. சபை வேறாயினும், சொல்லைச் சேர்ப்பதிலும் செடியைச் சேர்ப்பதிலும் பொறுமை ஒன்றுதான்.

ஜான் ஐயர் என்று இன்னொருவர் இருந்தார். கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பது முழுப்பெயர். 1771இல் வந்து 1813இல் மறையும் வரை தரங்கம்பாடியில் பள்ளிக்கூடங்கள் நடத்தியவர். மீன், சிப்பி, பாம்பு என்று எது கிடைத்தாலும் சேகரித்து அனுப்புவார். பெர்லின் நகரில் மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவர் உலகத்து மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு நம் கடற்கரை மீன்களை அனுப்பியவர் ஜான் ஐயரே. நன்றிக்கடனாகப் பிளாக் ஒரு மீன் இனத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். நாகப்பட்டினத்து மீன்காரம்மா கூடையில் கொண்டுவரும் கத்தாழை மீன் அந்த இனத்தைச் சேர்ந்தது. மண்ணுளிப் பாம்புக்கும் 1801இல் அவர் பெயரே இடப்பட்டது. விஷமற்ற, எலியைத் தின்று உழவருக்கு உதவும் இந்தப் பாம்பை, 'இரண்டு தலை உடையது, இலட்சக்கணக்கில் விலைபோகும்' என்ற வதந்தியை நம்பிப் பிடித்து விற்போர் இன்றும் உண்டு. ஒரு பள்ளியாசிரியரின் பெயரைத் தாங்கிய பிராணிக்கு இப்படியொரு கதி!

இங்கே பனையேறிக் கெண்டையின் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1791ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தரங்கம்பாடியில் டேனிஷ் படையிலிருந்த டால்டார்ப் என்ற அதிகாரி, குளக்கரையில் நின்ற ஒரு பனைமரத்தில் நீர் மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் மேலும் ஏற முயன்றுகொண்டிருக்கக் கண்டதாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. ஐரோப்பியர் திகைத்தனர்; பலர் சிரித்தனர். ஜான் ஐயரோ இம்மீனை இவ்வூர் மக்கள் 'பனையேறி' என்றே அழைக்கின்றனர் என்று எழுதியனுப்பினார். மீன் மரமேறுமா? அடுத்த நூற்றாண்டு முழுவதும் அறிஞர்கள் இதைப் பற்றி வாதிட்டனர். இம்மீனின் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருக்கிறது. செவுள் மூடியிலுள்ள முட்களை ஊன்றி ஈரத்தரையில் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகவும் வல்லது. இது மெய். மரத்தில் காணப்படும் மீன்களைப் பற்றி 1920களில் ஆராய்ந்த இந்திய விஞ்ஞானி பி.கே. தாஸ், தரையில் நகரும்போது காகமும் பருந்தும் கவ்விச் சென்று மரக்கவட்டில் விட்டவையே அவை என்று விளக்கினார். டால்டார்ப் தம் கண்ணால் கண்டதாகச் சொன்னது என்னவாயிற்று என்று கேட்கும் மாணவி நல்ல விஞ்ஞானி ஆவாள். நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. பெரும் அறிவாளிகள் நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டிய அச்செய்தி, பெயர் தெரியாத ஒரு தமிழ் மீனவர் இட்ட பெயரிலே முன்பே அடங்கியிருந்தது. அதை அவர் வாய்மொழியாகச் சொன்னார், எழுதியவர் வேறொருவர்.

கடற்கரையில் இவை நடந்துகொண்டிருக்க, தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798 முதல் 1832 வரை) தம் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். சுவார்ச் ஐயரின் அரவணைப்பில் கல்வி கற்றவர் இவர். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய நூல்களை வரவழைத்தார். பலவற்றில் அவருடைய கையொப்பத்தை இன்றும் காணலாம். அரண்மனை ஓவியர்களைக் கொண்டு பறவைகள், விலங்குகள், செடிகள் ஆகியவற்றை உள்ளது உள்ளபடி வரையச் செய்தார். கண் நோயாளிகளின் கண்களைக்கூட ஓவியமாக வரைவித்துச் சிகிச்சைக் குறிப்புடன் சேர்த்து வைத்தார் என்றால், அவர் எதையும் கூர்ந்து நோக்கிய பண்பு விளங்கும். பெரிய கோயிலைக் காண வருவோர் பலர் சற்றுத் தொலைவிலுள்ள இந்நூலகத்தை எட்டிப் பார்ப்பதில்லை. சுற்றுலா என்று புறப்படும் நம் வகுப்புகளும் அவ்வாறே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த நூல்களில் மிகப் பெரியது வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள். 1795இல் தொடங்கி மூன்று பெருந்தொகுதிகளாக, 300 வண்ணப் படங்களோடு லண்டனில் வெளிவந்தது. படங்களை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். ஆனால் எந்தப் படத்தின் கீழும் அவர்கள் பெயர் இல்லை! அரை நூற்றாண்டுக்குப் பின் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட் சற்று மாறுபட்டவர். அவருக்காக வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் இருவரின் பெயர்களும் அவருடைய படங்களில் பொறிக்கப்பட்டன. அதோடு நில்லாமல் 1853இல் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே இட்டார். வைட் செய்த இச்சிறு நீதி அந்நாளில் அபூர்வம்.

இதற்கெல்லாம் மூத்தது அண்டை நாடான மலையாளத்தில் பிறந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்'. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. டச்சு ஆளுநர் வான் ரீட் அதைத் தொகுத்தாலும், இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியரே செடிகளின் பெயரும் குணமும் சொன்னவர். அவர் அளித்த சான்றுரை நூலிலேயே அச்சாகியிருக்கிறது. தொடக்கத்தில் உதவியவர் மத்தேயு என்னும் கார்மேல் சபைத் துறவி. இலத்தீனில் பூட்டிக் கிடந்த அந்நூலை முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கே.எஸ். மணிலால் என்ற பேராசிரியர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 2003இல் கேரளப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. பின்பு மலையாளத்திலும் வந்தது. தமிழகத்தில் நமக்குச் செடிகளைச் சொல்லித்தந்த இட்டி அச்சுதன்கள் எத்தனை பேரோ! அவர்களுடைய சான்றுரை எந்த நூலிலும் அச்சாகவில்லை.

துறவி என்றதும் திருச்சிக்கு வருவோம். நம்மில் பலருடைய அண்ணன்மார் படிக்கும் தூய வளனார் கல்லூரியில் ராபினட் உலர்தாவரகம் என்று ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1967இல் இதை நிறுவியவர் இயேசு சபைக் குரு அருட்தந்தை கே.எம். மத்தேயு. தமக்கு முன் அக்கல்லூரியில் தாவரவியல் வளர்த்த அருட்தந்தை ராபினட்டின் பெயரை அதற்குச் சூட்டினார். சென்னை மாகாணத் தாவரங்கள் பற்றி கேம்பிள் என்ற ஆங்கிலேயர் எழுதத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் பிஷர் என்பவர் முடித்த நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. அதற்குப் பின் புதிதாக நடந்து, புதிதாகப் பறித்து, புதிதாக எழுத வேண்டும் என்று துணிந்தவர் அருட்தந்தை மத்தேயு. மாணவர்களையும் உதவியாளர்களையும் அழைத்துக்கொண்டு மலையும் காடும் ஏறினார். அதன் பயனாக 1981க்கும் 1983க்கும் இடையில் தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்கள் பற்றிய பெருநூல் வெளிவந்தது. அதன் படத்தொகுதியை எளிதில் கையில் தூக்கிவிட முடியாது! 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். 2004இல் இறைவனடி சேர்ந்தார். செபமும் செடியும் ஒருங்கே நடந்த வாழ்வு அது. வெளிநாட்டார் எழுதியதை நாம் படிக்கும் நிலை மாறி, நம்மவர் எழுதியதை வெளிநாட்டார் படிக்கும் நிலை திருச்சியிலிருந்து தொடங்கிற்று என்று சொன்னால் சற்று மிகையாகலாம். ஆனால் மிகையாகச் சொல்லத் தக்கவர்தான் அவர்.

இதுவரை சொன்னவர்களில் ஒரு பெண்ணும் இல்லையே என்று நம் வாசகியர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஜானகி அம்மாள் அவர்களைக் காண்போம். 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். அங்கே திருஇருதயக் கன்னியர் பள்ளியில், அதாவது நம்முடையதைப் போன்ற ஒரு பள்ளியில், படித்தார். பிறகு சென்னை இராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி. உடன்பிறந்தோருக்குத் திருமணங்கள் நடந்தபோது இவர் படிப்பையே தேர்ந்தார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, கரும்பைப் பிற புல்லினங்களோடு கலந்து ஆராய்ந்தார். நாம் சுவைக்கும் கரும்பின் இனிப்பில் அந்நிலையத்தின் உழைப்பு கலந்திருக்கிறது. போர்க்காலத்தில் இங்கிலாந்தில் இருந்து, 1945இல் டார்லிங்டன் என்பவரோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் பட்டியல் நூலை வெளியிட்டார். பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984இல் சென்னை மதுரவாயலில் மறைந்தார். ஒரு மக்னோலியா மலரும், கொடைக்கானலில் உருவாக்கப்பட்ட மஞ்சள் ரோஜா ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன.

அவருடைய முழு வரலாற்றை எழுத ஒருவர் முன்வர, இறந்த பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 2022இல் அதை எழுதி வெளியிட்டவர் சாவித்திரி பிரீதா நாயர் என்னும் வரலாற்றாசிரியை. சரபோஜி மன்னரின் அறிவியல் ஆர்வத்தைப் பற்றி 2012இல் விரிவான நூல் எழுதியவரும் இவரே! தஞ்சை மன்னரையும் தலைச்சேரிப் பெண்ணையும் ஒரே கை எழுதியது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. இவ்விரண்டும் ஆங்கிலத்தில்தான் உள்ளன, விலையும் அதிகம். அலமாரியில் பூட்டி வைக்காமல் மேல்வகுப்பு மாணவியர் கையில் கொடுப்பதாக இருந்தால், பெற்றோர் ஆசிரியர் கழகம் இவற்றை வாங்கித் தரலாம்.

நெல்லை மறந்தால் தஞ்சை மன்னிக்காது. நெல் விஞ்ஞானி கே. ராமையா கீழக்கரையில் 1892இல் பிறந்தவர். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல்லாண்டு உழைத்து, 1946இல் கட்டாக்கில் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானவர். 1937இல் சென்னை மாகாணத்து நெல்லைப் பற்றி எளிய கையேடு ஒன்றும், 1953இல் நெல்லின் மரபியல் பற்றி நூலும் எழுதினார். கோயம்புத்தூரில் 1921இல் வெளியான ஜி.இ.பி. 24 என்ற நெல்லை ஜப்பான் நெல் ஒன்றோடு கலந்து பிறந்ததே ஆடுதுறை 27. நம் ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. 1960களின் நடுவில் குறுவைக்கு வந்த ஆடுதுறை 27ஐப் பற்றி நம் தாத்தாக்கள் இன்றும் பேசுவர். கும்பகோணத்தில் 1925இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அந்தப் பசுமைப் புரட்சியின் தலைமகன். 2023இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டில் பாரத ரத்னா வழங்கப்பட்டது.

புது நெல் வந்து பசி தீர்த்தது உண்மை. அதோடு குடவாழையும் கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் வயலை விட்டுப் போனதும் உண்மை. அவற்றின் விதைகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன். பெரிய பட்டம் பெற்றவர் அல்லர். நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல்வகைகளை மீட்டவர். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, விதை வாங்கிச் செல்பவர் மறு ஆண்டு இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று விதித்தார். 2018இல் காலமானார். ராமையாவின் நூலையும் ஜெயராமனின் விதைக் கலயங்களையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டையிடுவோர் உண்டு. நமக்கு இரண்டும் வேண்டும். ராமையா போன்றோர் பழைய நெல்வகைகளைப் பிரித்தறிந்து பெயரோடு பதிந்ததனால்தான் போனது எதுவென்று அறிய முடிகிறது. ஜெயராமன் போன்றோர் காத்ததனால்தான் அப்பெயருக்கு ஒரு கதிராவது மிஞ்சியிருக்கிறது.

பறவைகளைப் பற்றியும் இரண்டு சொல். சலீம் அலி 1941இல் எழுதிய இந்தியப் பறவைகள் நூல் பல பதிப்புகள் கண்டது. சிறுவயதில் சுட்ட ஒரு மஞ்சள் கழுத்துச் சிட்டு அவரைப் பறவையியலுக்கு இழுத்தது. 1985இல் வந்த சுயசரிதைக்கும் அச்சிட்டின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். 1967இல் சரணாலயமான நம் கோடியக்கரையில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு அவை வந்துபோகும் வழியை ஆராய்ந்து வருகின்றனர். வேளாங்கண்ணித் திருயாத்திரை போவோர் மாரிக்காலத்தில் இன்னும் சற்றுத் தெற்கே போனால் பூநாரைகளையும் காணலாம்.

இத்தனை நூல்களைச் சொன்னோம். இவற்றில் பெரும்பாலானவை இலத்தீன், ஆங்கிலம், ஜெர்மன். தஞ்சைப் பகுதி மாணவி கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து, கண்ணில் படும் செடியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க தமிழ் நூல் ஒன்றுகூட நம் பள்ளி நூலகத்தில் இல்லை. ஆகவே இவ்வாண்டு தாவரவியல் மாணவியர் ஒரு குறிப்பேடு தொடங்கியுள்ளனர். செடியைப் பறித்து, செய்தித்தாளின் இடையில் வைத்து, மேலே பளுவேற்றி, தாளை அவ்வப்போது மாற்றி உலர்த்துவது. தடித்த தாளில் ஒட்டி, இடம், தேதி, பறித்தவர் பெயர், உள்ளூர்ப் பெயர் எழுதுவது. கோனிக் காலத்து முறைதான், செலவு சொற்பம். கூடுதலாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'பெயரைச் சொன்னவர்'. அவ்வரியில் பாட்டிமார், களையெடுக்கும் அம்மாமார், வாய்க்கால் வெட்டும் தாத்தாமார் பெயர்கள் ஏறிவருகின்றன. பொடுதலை, நீர்முள்ளி, ஆராக்கீரை, கரிசலாங்கண்ணி ஆகியவை முதற் பக்கங்களில் உள்ளன. சில செடிகளுக்கு இரண்டு ஊரார் இரண்டு பெயர் சொல்லுகிறார்கள். இரண்டையுமே எழுதி, ஊரையும் குறித்திருக்கிறோம். களைக்கொல்லி தெளித்த வயல்களில் தேடிப்போனவர்கள் சில நாட்களில் வெறுங்கையோடு திரும்பியதும் குறிப்பேட்டில் தேதியோடு இருக்கிறது. மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வாய்க்காலில் வரும் மாதத்தில் மீன்களுக்கும் ஒரு பகுதி தொடங்க எண்ணம். முதல் பெயர் பனையேறிக் கெண்டை. அதைப் பிடித்து வருவதாக ஆறாம் வகுப்பில் இருவர் ஏற்றிருக்கிறார்கள். மரத்திலிருந்தா குளத்திலிருந்தா என்பதை மட்டும் சொல்ல மறுக்கிறார்கள்.